கியர்பாக்ஸை இறக்கும் முன் கீழ் பம்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செந்தூல், செகாம்புட் வட்டாரப் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையோடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும், அவற்றைப் பழுதுபார்க்கும் இளைய மெக்கானிக்குகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளச் உள்ள காரில் கியர் விழவில்லை என்றவுடன், வேறு எதையும் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கி கிளச் செட்டை மாற்றிவிடும் பழக்கம் கோலாலம்பூரில் வேரூன்றி வருகிறது. அரை மணி நேரச் சோதனையில் காரின் வெளிப்புறத்திலேயே தெரிந்துவிடக்கூடிய கோளாறுக்கு, உரிமையாளர் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு அதே கோளாறோடு வீடு திரும்புவதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் என் தங்கை மகனுக்கும் இதுவே நடந்தது. அவன் வைத்திருப்பது, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் 1989இல் விற்பனைக்கு வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வகையைச் சேர்ந்த கார். காலையில் ஒழுங்காக விழும் முதல் கியர், ஜாலான் துன் ரசாக் நெரிசலில் சிறிது நேரம் ஊர்ந்த பிறகு முரண்டு பிடித்தது. ரிவர்ஸ் கியரோ கறகறவென்று பற்களை அரைத்துக்கொண்டு விழுந்தது. அவன் கொண்டுபோன பட்டறையில் கிளச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். வேலையோடு வேலையாகக் கிளச் குழாயில் காற்றையும் எடுத்திருந்ததால் கார் சில நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கோளாறு அப்படியே திரும்பிவர, அடுத்ததாக, கியர்பாக்ஸில், கியர் மாறும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்றும் அதைப் பிரித்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த நிலையில்தான் கார் என் வீட்டு வாசலுக்கு வந்தது. அடியில் படுத்து, கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் கீழ் பம்பின், அதாவது கிளச்சை விடுவிக்கும் சிறு சிலிண்டரின், ரப்பர் மூடியை விரலால் சற்றே விலக்கினேன். உள்ளே தேங்கியிருந்த கறுத்த பிரேக் எண்ணெய் விரல் வழியாக முழங்கை வரை வழிந்தது. மாற்றப்பட்ட கிளச் தட்டிலும் கோளாறு இல்லை, மாற்றச் சொன்ன சிங்க்ரோவிலும் கோளாறு இல்லை.

இந்த அமைப்பு இயங்கும் விதம் எளியது. பெடலை அழுத்தும்போது, நம் பட்டறைகளில் மேல் பம்பு என்று சொல்லப்படும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முன்னே நகர்ந்து பிரேக் எண்ணெயைக் குழாயில் தள்ளுகிறது. அந்த எண்ணெய் கீழ் பம்பு எனப்படும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, அதன் தண்டு கிளச் ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட்டின் மேல் அழுத்த, தட்டு, எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலின் பிடியிலிருந்து விடுபடுகிறது. இந்தச் சங்கிலியின் பெரும்பகுதி காரின் வெளியிலேயே இருக்கிறது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் கீழ் பம்பு கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே வட்டமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், அதைப் பார்ப்பதற்கே கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ரோட்ஸ்டர், டாட்சன் 240இசட், எம்ஜிபி போன்ற பழைய கார்களில் கீழ் பம்பு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. புதிய கார்களில் பழகிய கை பழைய காரிலும் அதே முறையைப் பின்பற்றுவதுதான் இந்தத் தவற்றின் ஒரு வேர் என்று நினைக்கிறேன்.

இதில் எவ்வளவு சிறிய அளவு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். மேல் பம்பின் விட்டம் 15.87 மி.மீ., கீழ் பம்பின் விட்டம் 19.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், முன்னது அங்குலத்தில் எட்டில் ஐந்து, பின்னது நான்கில் மூன்று. கீழ் பம்பின் தண்டு 1 மி.மீ. நகர்வதற்கு வேண்டிய எண்ணெய் ஏறத்தாழ 0.285 மில்லிலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழாயில் நிற்கும் காற்று அமுங்குவதாலோ, ரப்பர் ஹோஸ் உப்புவதாலோ, தேய்ந்த ரப்பரைக் கடந்து எண்ணெய் பின்னுக்கு நழுவுவதாலோ அந்தச் சிறு அளவு தொலைந்தால், பெடலின் நெம்புகோல் விகிதம் ஆறு மடங்கு என்று கொண்டால், பெடலில் கிட்டத்தட்ட 9 மி.மீ. வீணாகிவிடும். கிளச் தட்டு முழுவதுமாக விடுபடத் தேவையான இடைவெளியோ மிகச் சிறியது. ஆகவே கீழ் பம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தாலே தட்டு அரைகுறையாக உரசிக்கொண்டு நிற்கும், கியர் விழாது.

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கோலாலம்பூரைப் போல ஆண்டு முழுவதும் புழுக்கம் நிலவும் ஊரில், மூடி திறந்து வைத்த புட்டியும், பல ஆண்டுகள் எண்ணெய் மாற்றப்படாத, காரிலுள்ள எண்ணெய் டப்பாவும் மெல்ல மெல்ல நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். டாட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 பாகை. டாட் 4 தரத்துக்கு அவை முறையே 230, 155. கிளச்சைப் பொறுத்தவரை கொதிப்பதைவிடவும் பெரிய தீங்கு அரிப்புதான். உறிஞ்சப்பட்ட நீர், அமைப்பின் மிகத் தாழ்வான இடமான கீழ் பம்பின் சுவரை அரித்துக் குழிகளை உண்டாக்குகிறது. அந்தக் குழிகளின் மேல் போய்வரும் ரப்பர் சீலின் விளிம்பு கிழிந்து, அதன் துகள் எண்ணெயைக் கறுப்பாக்குகிறது. வாரக் கடைசியில் மட்டும் கெந்திங் மலைச் சாலைக்கோ உலு யாமுக்கோ போய்வந்து மற்ற நாள்களில் போர்வைக்குள் நிற்கும் கார்களில் இது இன்னும் விரைவாக நடப்பதைக் கண்டிருக்கிறேன். ஓடாமல் நிற்கும் பிஸ்டன் ஒரே இடத்தில் அமர்ந்து, அதற்கு முன்னும் பின்னும் துரு வளர இடம் கொடுத்துவிடுகிறது. கிளச் டப்பாவில் எண்ணெய் கறுத்துக் கலங்கியிருந்தால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ரப்பர் உதிரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சோதனையைத் தொடங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, கிளச் விட மறுக்கிறதா, பிடிக்க மறுக்கிறதா என்பதுதான். எஞ்சின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் அது நழுவல். தட்டு தேய்ந்திருக்கலாம், தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது நான் பின்னால் சொல்லப்போகும் ஒரு காரணமாக இருக்கலாம். கியர் விழவில்லை, அரைக்கிறது, கிளச்சை முழுவதும் அழுத்தியும் கார் முன்னே ஊர்கிறது என்றால் கிளச் விடவில்லை. இதையும் சிங்க்ரோ தேய்மானத்தையும் வேறுபடுத்துவது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் எல்லாமே முரண்டு பிடித்தால் குற்றம் கிளச் விடாததில் இருக்கிறது. மற்றவை ஒழுங்காக இருந்து ஒரே ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, மட்டும் ஓட்டத்தில் அரைத்தால்தான் சிங்க்ரோவைச் சந்தேகிக்க வேண்டும். என் தங்கை மகனின் காரில் இந்தச் சோதனையை யாரும் செய்திருக்கவில்லை. செய்திருந்தால், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சே எழுந்திருக்காது.

அடுத்தது டப்பா. பிரேக் டப்பாவில் மட்டம் இறங்குவது பிரேக் பேட் தேய்வதாலும் நிகழலாம். கிளச்சில் அப்படி இல்லை. தட்டு தேயத் தேய பிரஷர் பிளேட்டின் விரல்கள் கீழ் பம்பின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவதால், எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி மட்டம் சிறிது ஏறத்தான் செய்யும். எனவே கிளச் டப்பாவில் மட்டம் இறங்கினால் அதற்குக் கசிவைத் தவிர வேறு பொருள் இல்லை. எங்கே போயிற்று என்று தேடாமல் எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டு மூடியை அடைப்பதுதான் நம் பட்டறைகளில் நான் காணும் பெரிய குறை. சில கார்களில் பிரேக்கும் கிளச்சும் ஒரே டப்பாவிலிருந்து எண்ணெய் எடுக்கும். பிரேக்குக்குரிய பங்கு மிஞ்சும்படி கிளச்சுக்கான குழாய் உயரத்தில் பொருத்தப்பட்டிருப்பது வழக்கம் என்றாலும், அத்தகைய காரில் கிளச் கசிவை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

கசிவைத் தேட வேண்டிய இடங்கள் சிலவே. கீழ் பம்பின் ரப்பர் மூடிக்குள் ஈரம் இருந்தால் அந்த பம்பின் சீல் போய்விட்டது. மூடியின் வெளிப்புறம் காய்ந்திருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. மூடியை விலக்கித்தான் பார்க்க வேண்டும். மேல் பம்பைப் பொறுத்தவரை, ஓட்டுநர் காலடியில் குனிந்து, பெடலின் தண்டு சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பு இருந்தாலோ, பெடலுக்குக் கீழே கம்பளம் ஈரமாக இருந்தாலோ, எஞ்சின் பக்கம் மேல் பம்புக்குக் கீழே பெயின்ட் உப்பி உரிந்திருந்தாலோ மேல் பம்பின் பின் சீல் கசிகிறது. பிரேக் எண்ணெய் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால், உரிந்த பெயின்டே சாட்சி சொல்லிவிடும். உலோகக் குழாயின் மூட்டுகளையும் ரப்பர் ஹோஸையும் பார்த்துவிட்டால் தேடல் முடிந்தது.

எண்ணெய் ஒரு துளியும் குறையாமலே கிளச் விடாமல் போகும் கோளாறுதான் பலரையும் திணறடிப்பது. மேல் பம்புக்குள் முன் சீல் தேய்ந்திருந்தால், பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது எண்ணெய் அந்தச் சீலைக் கடந்து உள்ளுக்குள்ளேயே பின்னே வழிந்துவிடும். வெளியே எதுவும் வராது. சிவப்பு விளக்கில் முதல் கியரில் பெடலை அழுத்தியபடி நிற்கும்போது, சில நொடிகள் கழித்துக் கார் தானாக முன்னே ஊரத் தொடங்குவது இதன் அடையாளம். வேகமாக இரண்டு முறை அடித்தால் கியர் விழும். மெல்ல அழுத்தினால் விழாது. வெயிலிலும் நெரிசலிலும் இது மோசமாவதற்குக் காரணம், சூடேறிய எண்ணெய் நீர்த்து, தேய்ந்த விளிம்பைத் தாண்டி எளிதாக நழுவுவதுதான். காலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் கோளாறே தெரியாமல் போவதும் இதனால்தான். இதை உறுதிசெய்ய நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பின்சக்கரங்களால் ஓடும் காரானால், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, உறுதியான தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல் முதல் கியரில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். கிளச் விடுகிறது என்றால் சக்கரம் சுழலும். பெடலை எடுக்காமல் அப்படியே ஒரு நிமிடம் பிடித்திருக்கையில், முதலில் சுழன்ற சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி நின்றுவிட்டால், வெளியே கசிவும் இல்லாதபோது, மேல் பம்பு உள்ளே வழிகிறது என்பதில் ஐயமே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முடிவான சோதனை, கீழ் பம்பின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்ப்பதுதான். ஒருவர் பெடலைத் தரைவரை அழுத்த, மற்றவர் கீழே ஓர் எஃகு அளவுகோலைப் பிடித்து, தண்டு அல்லது ஃபோர்க்கின் நுனி தொடக்கத்தில் எங்கே இருந்தது, முடிவில் எங்கே வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரின் பணிமனைக் கையேட்டில் கொடுக்கப்பட்டுள்ள அளவோடு இதை ஒப்பிட்டால் கதை இரண்டாகப் பிரிந்துவிடும். தண்டு முழு அளவு நகர்ந்தும் கிளச் விடவில்லை என்றால் கோளாறு கூட்டுக்குள் இருக்கிறது. அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், இறக்குவதில் தவறும் இல்லை. தண்டு குறைவாக நகர்ந்தால் கோளாறு பெடலுக்கும் கீழ் பம்புக்கும் இடையில் இருக்கிறது. கியர்பாக்ஸைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நாள் வேலையையும் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டையும் தீர்மானிக்கும் இந்த அளவை எடுக்கச் சில நிமிடம் போதும். இதை எடுக்காமல் கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தண்டு குறைவாக நகர்கிறது என்று தெரிந்த பிறகும் உடனே பம்பை வாங்க ஓடக் கூடாது. பெடலையும் மேல் பம்பின் தண்டையும் இணைக்கும் ஊசியும் அது நுழையும் துளையும் தேய்ந்திருந்தால், பெடல் நகரும் தூரத்தில் ஒரு பகுதி ஆட்டத்திலேயே போய்விடும். எம்ஜிபி போன்ற கார்களில் இது மிகவும் அறியப்பட்ட கோளாறு. துளை முட்டை வடிவமாகிப் போயிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயதான கார்களில் மேல் பம்பு பொருத்தப்பட்ட தகடு விரிசல் விட்டிருப்பதும் உண்டு. ஒருவர் பெடலை அழுத்தும்போது இன்னொருவர் பானட்டைத் திறந்து மேல் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது தகட்டோடு சேர்ந்து முன்னே தள்ளப்படுவது தெரிந்துவிடும்.

நழுவலைப் பற்றி முன்பு விட்டுவைத்த காரணத்துக்கு வருகிறேன். பெடல் மேலே ஓய்வில் இருக்கும்போது, மேல் பம்பின் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கி, டப்பாவையும் குழாயையும் இணைக்கும் ஒரு சிறு துளையைத் திறந்துவைக்க வேண்டும். சூட்டில் விரியும் எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. பெடலின் தண்டு அளவுக்கு மீறி நீளமாகத் திருகப்பட்டிருந்தால், பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல் அந்தத் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். பழைய எண்ணெயின் கசடும் அதை அடைக்கக்கூடும். அப்போது எஞ்சின் சூட்டில் விரியும் எண்ணெய் வெளியேற வழியின்றி, யாரோ பெடலை லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதைப் போலக் கிளச்சை விலக்கி வைத்திருக்கும். காராக் நெடுஞ்சாலையில் ஏறத் தொடங்கும்போது ஒழுங்காக இருந்த கார், பாதி மலையில் நழுவுவது இதனாலும் இருக்கலாம். புதிதாகக் கிளச் தட்டு மாற்றிய கார் இப்படி நழுவினால், புதிய தட்டும் விரைவில் எரிந்துபோகும். நழுவும் நிலையிலேயே காரை நிறுத்தி, கீழ் பம்பில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள பிளீடர் திருகைக் கால் சுற்றுத் திறந்து பாருங்கள். பெடலைத் தொடாமலே எண்ணெய் பீறிட்டு, அதன் பின் நழுவலும் நின்றுவிட்டால், குழாயில் அழுத்தம் சிக்கியிருந்தது உறுதி. அது எங்கே சிக்கியது என்பதையும் பிரித்தறியலாம். அடுத்த முறை நழுவும்போது பிளீடருக்குப் பதிலாக மேல் பம்பின் மூட்டைச் சிறிது தளர்த்துங்கள். அதிலேயே அழுத்தம் விடுபட்டால் மேல் பம்பின் துளையைப் பார்க்க வேண்டும். அங்கே விடுபடாமல் கீழே திறந்தால்தான் விடுபடுகிறது என்றால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுக்கிறது. இந்த ஹோஸ் வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். எண்ணெய் சூடாக இருக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, பெயின்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கூட்டுக்குள் இருக்கும் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெடலை அழுத்தும்போது மட்டும் எழும் கீச்சொலி பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது எழுந்து, அழுத்தினால் அடங்கும் ஒலி கியர்பாக்ஸின் முன் பேரிங்கினுடையது. ஃபோர்க் விரிசல் விட்டு வளைந்திருந்தால், தண்டு முழு அளவு நகர்ந்தும் தட்டு விடாது. நெடுநாள் நின்ற காரில், குறிப்பாக மழைக்காலத்தில், தட்டு துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெடலும் கனமாக இருக்கும், தண்டும் முழுவதும் நகரும், ஆனால் கிளச் சிறிதும் விடாது. நேற்றுவரை அரைகுறையாக வேலை செய்த கிளச்சுக்கும், மாதக்கணக்கில் நின்று இன்று அடியோடு ஒட்டிக்கொண்ட கிளச்சுக்கும் வேறுபாடு இருப்பதால், கார் எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது என்பதை உரிமையாளரிடம் கேட்டறிவதும் சோதனையின் ஒரு பகுதியே.

பழுதைக் கண்டுபிடித்த பிறகு காற்று எடுக்கும் வேலையில் பொறுமை வேண்டும். கிளச் அமைப்பில் எண்ணெயின் அளவு குறைவு என்பதால், பெடலைப் படபடவென்று அடித்தால் காற்று நுண்குமிழ்களாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும். பிறகு அதை எடுப்பது கடினம். மெல்ல அழுத்தி, பிளீடரைத் திறந்து, பெடல் தரையைத் தொட்டவுடன் மூடி, அதன் பின்னரே பெடலை மேலே விட வேண்டும். டப்பா வற்றிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளீடர் திருகு பம்பின் உச்சியில் இருக்கும்படி பொருத்தியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் எத்தனை புட்டி எண்ணெயை ஊற்றினாலும் மேலே ஒரு குமிழ் நின்றுகொண்டே இருக்கும். பிடிவாதமான காற்றுக்குக் கீழிருந்து மேலாக எண்ணெயை ஏற்றுவது நல்ல வழி. கீழ் பம்பைக் கழற்றி வைத்திருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது; பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டியரிங் எண்ணெயையோ அவசரத்துக்குக்கூட இந்த டப்பாவில் ஊற்றக் கூடாது. அமைப்பிலுள்ள ரப்பர் அனைத்தும் உப்பி, மேல் பம்பு, கீழ் பம்பு, ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். சிலிக்கோனால் ஆன டாட் 5 எண்ணெயை டாட் 3, டாட் 4 இருந்த அமைப்பில் கலப்பதும் கூடாது.

உதிரிப் பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஜப்பானியக் கார் வைத்திருப்போர் பாதியாக வெட்டப்பட்டு வரும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளை நம்பித்தான் வாழ்கிறார்கள். கியர்பாக்ஸ், கதவு, இருக்கை போன்றவற்றுக்கு அந்தக் கடைகள் பெரும் உதவி. ஆனால் கிளச் பம்புகளை மட்டும் அங்கே வாங்காதீர்கள். எண்ணெய் வற்றி, மூட்டு திறந்தபடி முற்றத்தில் கிடந்த பம்பில் ரப்பர் காய்ந்திருக்கும், சுவரில் துரு படிந்திருக்கும். பழைய பம்பில் புதிய ரப்பர் கிட் போடுவது சிக்கனமான வழிதான். சுவர் வழவழப்பாக இருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். விரல் நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், புதிய ரப்பரையும் அந்தக் குழி சில வாரங்களில் கிழித்துவிடும்; அந்த நிலையில் பம்பை மாற்றுவது அல்லது கைதேர்ந்தவரிடம் உட்குழல் போட்டு வாங்குவது மட்டுமே வழி. ஒரே வயதுடைய மேல் பம்பையும் கீழ் பம்பையும் சேர்த்தே புதுப்பித்து, ஹோஸையும் மாற்றிவிடுவது நல்லது என்பது என் அனுபவம். ஒன்று போன பிறகு மற்றதும் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. மூன்றையும் மாற்றினாலும், கியர்பாக்ஸை இறக்கிக் கிளச் செட் மாற்றும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிளச் எண்ணெயை மாற்றுவது இந்தச் செலவையும் பல ஆண்டுகள் தள்ளிப்போடும். பிரேக் எண்ணெயை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட பக்கத்தில் இருக்கும் கிளச் டப்பாவை மறந்துவிடுகிறார்கள்.

இளைய மெக்கானிக்குகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆட்டோ கியர் கார்களே சாலையை நிறைத்திருக்கும் காலத்தில், வெளியே கீழ் பம்பு வைத்த ஒரு காரைப் பயிற்சிக் காலத்தில் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் தொழிலுக்கு வந்தவர்கள் பலர். மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? செந்தூல், செகாம்புட், ஜாலான் ஈப்போ வட்டாரங்களில் பட்டறை நடத்தும் நம்மவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன், கீழ் பம்பின் மூடியை உரிமையாளர் கண் முன்னே விலக்கிக் காட்டுங்கள். தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து, கையேட்டு அளவையும் அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். கார் உரிமையாளர்களும் அந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிய பிறகே வேலைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.